மூளை ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் நீர் சொட்டினால்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

அப்பச்சிக்கு மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மதுரையில் மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். தலையில் தையலே இல்லாததால், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சின்ன ஆபரேஷன் என்றே நினைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை, சாமி கும்பிடக் குனிந்தவருக்கு வலது மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டியது.

"சளி பிடிச்சிருக்கு, நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுத்தா" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. எனக்கு மனசு கேட்கவில்லை. சளி என்றால் பெரும்பாலும் கெட்டியாக, இரண்டு பக்கமும் வரும். இது ஒரு பக்கம் மட்டும், குனிந்தால் மட்டும். தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பினோம்.

சொட்டுவது மூளைநீராக இருக்கலாம் என்றார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லி அந்த நீர் இருக்கிறது. உடம்பு தினமும் 500 மில்லி அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது என்று டாக்டர் விளக்கினார். நீர் குறைவதைவிடப் பெரிய பயம் வேறு. அது வெளியே வருகிற ஓட்டை வழியாகவே மூக்கிலுள்ள கிருமி உள்ளே ஏறி, மூளை உறையில் தொற்றை உண்டாக்கும். அதனால் ஒழுகலை அடைப்பதுதான் முதல் வேலை. சொட்டிய நீரைச் சின்ன டப்பாவில் பிடித்து, பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மூளைநீரில் அது இருக்கும், சாதாரணச் சளியில் இருக்காது. அப்புறம் இடுப்புப் பக்கம் முதுகில் மெல்லிய குழாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை வடித்தார்கள். அந்தச் சமயத்தில் நோயாளி தானாக எழுந்து உட்காரவே கூடாது. நர்ஸ் வந்து குழாயை மூடிய பிறகுதான் அசைய வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறி வடிந்து ஆபத்தாகிவிடும். அப்பச்சிக்கு அதிலேயே ஓட்டை அடைபட்டுவிட்டது. சிலருக்கு மறுபடி ஆபரேஷன் செய்து, வயிற்றுக் கொழுப்பையோ தொடைச் சவ்வையோ வைத்து அடைக்க வேண்டியிருக்குமாம்.

வீட்டில் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திவைத்தோம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். நான் அதிகம் கவனித்தது மலச்சிக்கலைத்தான். முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். டாக்டர் தந்த சிரப்பைத் தவறாமல் கொடுத்தோம். பின்கட்டில் இருந்தது குத்தவைக்கிற கக்கூஸ்தான், அதனால் கமோடு நாற்காலி வாங்கினோம். பிள்ளையார்பட்டியில் தோப்புக்கரணம் போடுவதாக அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அதையும் தம்பியே போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

தேவகோட்டையிலிருந்து:

என் நாத்தனாருக்குப் பின்தலையில் கட்டி. அவருக்குச் சர்க்கரை இருந்ததால், அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ரேசரால் மழிக்கவில்லை, கிளிப்பரால் வேண்டிய இடத்தில் மட்டும் முடியைக் கத்தரித்தார்கள். ரேசர் தோலில் கீறிவிடுகிற கண்ணுக்குத் தெரியாத காயங்களில் கிருமி தங்கிவிடும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர்களைத் தடுப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. தையல்மேல் மஞ்சள், விபூதி, வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் ஆறாத தையலில் எதையும் தடவக் கூடாது. "நெத்தியில மட்டும் பூசுங்க ஆச்சி" என்று கையைப் பிடித்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

பிறகு தையலுக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம் வந்தது. தோலுக்கடியில் மூளைநீர் தேங்கியிருந்தது. இறுக்கிக் கட்டுப்போட்டுக் கண்காணித்தார்கள், வற்றிவிட்டது. இப்படி வீங்கினால் சீழ்க்கட்டி என்று நினைத்து ஊரில் ஊசி குத்தி எடுத்துவிடாதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

எங்கள் சித்தப்பாவுக்கு மூளை ஆபரேஷனுக்குப் பிறகு நீர் எதுவும் சொட்டவில்லை. காய்ச்சல், வாந்தி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசியது. வெயில் சூடு என்று சொல்லி இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மோவாயை நெஞ்சுப் பக்கம் குனியச் சொன்னார் சித்தி, கழுத்து வளையவே இல்லை, பேச்சும் குழறியது. அன்றைக்கே 108-ஐ அழைத்துவிட்டோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து மூளை உறைத் தொற்று என்று சொல்லி, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டார். ஒரு காதில் கேட்பது மட்டும் குறைந்துவிட்டது, இப்போது மெஷின் வைத்திருக்கிறார்.