மழைத்தண்ணி ஒரு வாரத்துல நாறுது, சொட்டுநீரும் வரமாட்டேங்குது – உதவி வேணுமுங்க

சோமனூர்த் தோட்டம்:
வணக்கமுங்க. மொட்டை மாடி 800 சதுர அடி. ஒரே இறக்குக் குழாய், 110 எம்.எம். அது நேரா கம்பிக்கூண்டு போட்ட 1000 லிட்டர் வெள்ளைக் கேனுக்குப் போகுது. கேன் ரெண்டு வரி ஹாலோ பிளாக் மேல நிக்குது, வாயில கொசுவலை கட்டியிருக்கு. மழை விட்டு ஒரு வாரத்துல தண்ணி பச்சையாகி சாக்கடை நாத்தம் அடிக்குது. கீழ கத்திரி, தக்காளிப் பைகளுக்குப் போற லைன்ல பாதிக்கு மேல பட்டன் டிரிப்பர் (குழாயில குத்தி வெக்கற சொட்டுவிடற பொத்தான்) சொட்டறதே இல்லை. பக்கத்துல தறிப்பட்டறை இருக்கு. ப்ளீச்சிங் பவுடர் போட்டாச் சரியாகுமுங்களா?

பல்லடத்தான்:
வேண்டாமுங்க. அடியில சேறு கெடக்கற வரைக்கும் பவுடர்ல இருக்கற குளோரின் அதுக்கே தீந்துபோயிரும். ஆடிக் காத்துப் புழுதி, காக்கா எச்சம், வேப்பஞ்சருகு, தறிப் பஞ்சு எல்லாம் மாடியில படிஞ்சிருக்கும். ஐப்பசியில மொத மழை அத்தனையையும் கழுவிக் கேனுக்குள்ள கொட்டுது, அது அடியில காத்தில்லாம அழுகுது.

மொதத் தண்ணியை ஒதுக்கோணும். சதுர மீட்டருக்குக் கொறஞ்சது அரை லிட்டர். உங்க மாடி 74 சதுர மீட்டர், ஆக 37 லிட்டர். 160 எம்.எம். பிவிசி குழாய் மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் புடிக்கும், 2 மீட்டர் துண்டு சரியா இருக்கும். தரையிலிருந்து எட்டடி ஒசரத்துல இறக்குக் குழாயில ஒரு டீ (மூணு வழி இணைப்பு) போடுங்க. டீயோட நேர்வழி ரெடியூசர் (ரெண்டு அளவுக் குழாயைச் சேக்கற இணைப்பு) வெச்சு 160 குழாய்க்குள்ள இறங்கோணும், பக்கவழி கேனுக்கு. குழாய் நெறஞ்சதும் தண்ணி தானா பக்கவழி திரும்பிக்கும். அடியில கழட்டற மூடி, அதுக்குச் சித்த மேல அரை இஞ்சு டேப். நிமிசத்துக்கு ஒரு டம்ளர் ஒழுகற மாதிரி டேப்பைத் தொறந்தே விடுங்க, மூணு மணி நேரத்துல காலியாயிரும். டேப்பை மூடிவெச்சா பழைய தண்ணி உள்ளயே நிக்கும், அடுத்த மழை அழுக்கு நேரா கேனுக்குப் போயிரும். இந்த அமைப்பு இருந்தும் தண்ணி நாறுதுன்னு சொல்றவங்க வீட்டுல பெரும்பாலும் இந்த டேப்பு மூடித்தான் இருக்கும்.

ஈரோடு பைப்லைன்:
ஒரு டிரிப்பரைப் புடுங்கிப் பாருங்க. ஓட்டையில தண்ணி பீச்சுனா டிரிப்பர் அடைப்பு. அங்கயும் வரலைன்னா அழுத்தம் பத்தலை. கேன் ரொம்பியிருந்தாலே சதுர சென்டிமீட்டருக்கு 0.15 கிலோ அழுத்தந்தான் கிடைக்கும், பாதி காலியானா 0.1. சொட்டுநீர் சாமான் பெரும்பாலும் 1 கிலோவுக்குச் செஞ்சது.

சோமனூர்த் தோட்டம்:
மொதப் பத்துப் பையில ஓட்டையில நல்லா வருதுங்க. கடைசிப் பைகள்ல அதுவுமில்லை. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு: கேன் திருப்பூர் சாயப்பட்டறைப் பழசு, லேபிள் இல்லை.

ஈரோடு பைப்லைன்:
அப்ப ரெண்டுமே இருக்கு. கேனுக்குப் பக்கத்துல அடைப்பு, கடைசியில அழுத்தக் கொறை. பட்டன் டிரிப்பரை எடுத்துட்டு மைக்ரோ டியூப் (மெல்லிசான சின்னக் குழாய்) போடுங்க. பக்கத்துப் பைக்கு நீளமா, தூரத்துப் பைக்குக் குட்டையா வெட்டுனா எல்லாத்துக்கும் ஏறக்கொறைய ஒரே அளவு போகும். கேன் வால்வுக்கு அடுத்து 120 மெஷ் ஸ்கிரீன் ஃபில்டர் (நைசான வலை வெச்ச வடிகட்டி) போடுங்க. பஞ்சு ஈரத்துல கம்பளி மாதிரி படியும், மழைக்காலத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கழட்டி அலசோணும்.

கோபி அக்கா:
தம்பி, லேபிள் இல்லாத சாயப்பட்டறைக் கேனைத் திங்கற செடிக்கு வெக்காதீங்க. சாயம், பிசின் வகையெல்லாம் பிளாஸ்டிக்லயே ஊறியிருக்கும், கழுவுனாப் போகாது. கறுப்புத் தொட்டியா வாங்குனா வெளிச்சம் போகாது, பச்சைப் பாசியும் நின்னுரும். 20 மி.மீ. மழைக்கே உங்க மாடியில 1100 லிட்டருக்கு மேல வந்துரும். அதனால வழியற குழாயும் 110 தான் இருக்கோணும், நுனியில வலை கட்டி வீட்டு மழைநீர்க் குழிக்கு விட்டுருங்க. ஒரு இஞ்சுக் குழாய் வெச்சா மூடி வழியாத் தள்ளும், அந்தச் சந்துல கொசு முட்டை போட்டுரும்.

பல்லடத்தான்:
புதுத் தொட்டிக்கு ஸ்டாண்டு ஒசத்தறதா இருந்தா டீயையும் ஒசத்தோணும். தொட்டி வாய்க்கு அரையடியாவது மேல டீ இல்லைன்னா தண்ணி மாடிக் குழாயில எதுத்து நிக்கும். ரொம்பின தொட்டி ஒரு டன் கனம், ஹாலோ பிளாக் மேல வெக்காதீங்க.