சொடுக்கி மடக்கிய காலம்: நெல்லைச் சீமையில் எங்கள் கைக்கு வந்த ஸ்டைல் போன்கள்

பாளையங்கோட்டைக்காரர்:

போன ஞாயிற்றுக்கிழமை மேஜை டிராயரை ஒழிக்கும்போது என் பழைய நோக்கியா என்73 கிடைத்தது. உயிர் இல்லை. இருந்தாலும் பின்பக்கத்து லென்ஸ் மூடியைக் கட்டைவிரலால் தள்ளினேன், ‘டக்’. மூடினேன், ‘டக்’. கால் மணி நேரம் இதே வேலை. “செத்த போனை வச்சு இன்னும் என்னத்த நோண்டுதிய?” என்று வீட்டுக்காரி கேட்டபிறகுதான் நிறுத்தினேன்.

உங்கள் கைக்கு வந்த போன்களின் கதையையும் எழுதுங்கள். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டைல் போன் என்றால் அதில் ஒரு அசைவு இருக்க வேண்டும். மடக்கவோ, சறுக்கவோ, திருப்பவோ, மூடியைத் தள்ளவோ ஏதோ ஒன்று. அந்த அசைவு சும்மா அலங்காரத்துக்கு இருக்கக் கூடாது, ஒரு வேலையைத் தொடங்கவோ முடிக்கவோ வேண்டும். என்73-ல் மூடியைத் திறந்தால் கேமரா தானாக விழித்துக்கொள்ளும், மூடினால் தூங்கிவிடும். மெனுவுக்குள் புகுந்து தேடுகிற வேலையே கிடையாது.

நான் முதன்முதலில் வாயைப் பிளந்து பார்த்தது மோட்டோரோலா ரேஸர் வி3. ஜங்ஷனிலிருந்து பாளைக்குப் போகிற டவுன் பஸ்ஸில், டை கட்டிய ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கையில். கனம் 13.9 மில்லிமீட்டர்தான், அலுமினிய உடம்பு. ஒரே உலோகத் தகட்டில் வெட்டிய பட்டன்கள், நீல வெளிச்சத்தில் மின்னின. 2004-ல் வந்த அந்த போனில் கேமரா வெறும் விஜிஏ, அதாவது மூன்று லட்சம் பிக்சல். மெமரி கார்டு போட இடமே கிடையாது. மல்டிமீடியா போன் என்று அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மனிதர் யாரிடமோ கோபமாகப் பேசி முடித்துவிட்டு, படீரென்று மடக்கினார் பாருங்கள், ஆற்றுப் பாலம் வருகிறவரை பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோபத்தைக் காட்ட அதைவிடத் தோதான போன் இன்றுவரை வந்ததில்லை. இப்போது கண்ணாடியில் சிவப்பு வட்டத்தைத் தொட்டா கோபத்தைக் காட்டுவது?

அப்புறம் ஹாஸ்டலில் அறைத்தோழன் வைத்திருந்த சோனி எரிக்சன் டபிள்யூ800. 2005-ல் வந்த முதல் வாக்மேன் போன் அதுதான். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஐஸ் குச்சி மாதிரி இருக்கும். பெட்டியிலேயே 512 எம்பி மெமரி ஸ்டிக் கொடுத்தார்கள். நாலு நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 4 எம்பி பிடிக்கும், ஆக நூற்றிருபது பாட்டுக்குக் குறையாது. வண்ணார்பேட்டையில் பாட்டு ஏற்றித் தருகிற கடையில் கொடுத்தால் ‘இளையராஜா ஹிட்ஸ்’, ‘ரஹ்மான் ஹிட்ஸ்’ என்று ஃபோல்டர் போட்டே தருவார்கள். நடுவில் நாம் கேட்காத குத்துப்பாட்டு பத்து இருக்கும், அது கடைக்காரரின் அன்பளிப்பு.

அந்த போனில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. ஆன் செய்யும்போதே ‘போனா, பாட்டு மட்டுமா’ என்று கேட்கும். பரீட்சைக்கு முந்தைய வாரம் முழுக்க அவன் ‘பாட்டு மட்டும்’தான். ஊரிலிருந்து அவன் அப்பா அடித்து அடித்துப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் லேண்ட்லைனுக்கு வருவார், பதில் சொல்வது நான். இன்னொன்று அதன் ஹெட்செட். மைக் இருக்கிற துண்டோடு பாதி வயர் தனியாகக் கழன்று வரும், அந்த இடத்தில் நம்மிடம் இருக்கிற எந்த 3.5 மி.மீ. இயர்போனையும் செருகலாம். கம்பெனிக்கு ஒரு செருகி என்று அலைந்த காலத்தில் இது பெரிய மரியாதை.

என்73-க்கு வருகிறேன். 2007-ல் ஏழு மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியது. 3.2 மெகாபிக்சல், கார்ல் சைஸ் லென்ஸ், ஆட்டோஃபோகஸ். ஒரு ஐப்பசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்ந்து நின்றபோது, கரையில் குடையோடு நின்று எடுத்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் போன், கட்டைவிரல் ஒன்றே எல்லாம் செய்தது. எட்டுக்குப் பத்து அளவில் பிரிண்ட் போட்டும் உடையவில்லை. இன்றும் எங்கள் அப்பா கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் “எந்த ஸ்டுடியோ அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். அப்பா ஒரு ஸ்டுடியோ பெயரைச் சொல்லிவிடுவார். மகன் போனில் எடுத்தது என்றால் மதிக்கமாட்டார்கள் என்று அவர் கணக்கு.

களக்காட்டுக்காரர்:

பகலில் வெள்ளத்தை யாரும் எடுக்கலாம் அண்ணாச்சி. எங்கள் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமக்கொடைக்கு வந்து எடுத்துப் பாருங்கள். நடு இரவு, சாமியாடி தீப்பந்தத்தோடு சுற்றுகிறார், ஒரு நொடி நிற்கமாட்டார். எல்ஈடி ஃபிளாஷ் உள்ள போன் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது நீளமான ஆரஞ்சுக் கோடு. என்னிடம் இருந்தது சோனி எரிக்சன் கே790, சைபர்ஷாட் என்று மேலே போட்டிருக்கும். அதில் செனான் ஃபிளாஷ். கல்யாண வீட்டு கேமராக்காரர் வைத்திருப்பாரே, அதே சங்கதி சின்ன அளவில். ஒரு நொடியின் மிகச் சிறு பங்கில் ஒளியை மொத்தமாகக் கொட்டிவிடும், அதனால் அசைகிற ஆள் உறைந்தது போல விழுவார். சாமியாடியின் சல்லடத்து மணி தனித்தனியாகத் தெரிந்தது. அதிலும் மூடியைத் தள்ளினால்தான் கேமரா திறக்கும், உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு.

ஆனால் ஒலிப்பதிவில் மண்ணைக் கவ்வினேன். அன்றைக்கு வில்லுப்பாட்டை ஒரு மணி நேரம் போனிலேயே பதிந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் பாடியவரின் குரல் வருகிறது, குடம் மங்கலாக வருகிறது, வில்லில் கட்டிய மணிச் சத்தம் மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. அப்போது பெரும்பாலான போன்கள் பேச்சை ஏஎம்ஆர் வடிவத்தில்தான் பதிந்தன. போன் பேச்சுக்காகச் செய்த முறை அது. ஒலியை நொடிக்கு எட்டாயிரம் தடவைதான் அளந்து பதியும், நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி அதில் ஏறவே ஏறாது. வீசுகோலால் வில் நாணை அடிக்கும்போது மணிகள் எழுப்புகிற கணீர் பெரும்பாலும் அந்த மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. கேமராவுக்குக் கொட்டிக்கொடுத்தவர்கள் மைக்குக்குக் கிள்ளியும் தரவில்லை.

கடையநல்லூர்க்காரர்:

எங்கள் ஊரில் புது மாடல் கடைக்கு வருவதற்கு முன்னால் துபாய் பெட்டியில் வந்துவிடும். 2008-ல் சின்ன மாமா கொண்டுவந்தது நோக்கியா என்95. மேலே சறுக்கினால் எண் பட்டன், கீழே சறுக்கினால் பாட்டு பட்டன், திரையும் கூடவே படுத்துக்கொள்ளும். அசைவு என்று பார்த்தால் இதற்கு இரண்டு ஓட்டுப் போட வேண்டும். கேமரா 5 மெகாபிக்சல், ஜிபிஎஸ்ஸும் உண்டு. எண்களுக்குப் பக்கத்தில் அரபு எழுத்து அச்சடித்திருக்கும். ஊரில் பாதிப் போன் அப்படித்தான் என்பதால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்.

அரபு முத்து முத்தாக வரும், தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். அப்போதுதான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: ஓபரா மினி பிரவுசரில் முகவரி எழுதும் இடத்தில் ‘ஓபரா’ போட்டு, முக்காற்புள்ளி வைத்து, ‘கான்ஃபிக்’ என்று அடி, வருகிற பட்டியலில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்பதற்கு ‘எஸ்’ கொடு. அவர்களுடைய சர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பிவிடும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டுமே. அன்று ராத்திரி தமிழ் வாசிக்க உட்கார்ந்தவன் பாங்கு சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது, 8 ஜிபி முப்பத்தோராயிரம் ரூபாய். அதில் புளூடூத்தில் ஒரு பாட்டு அனுப்ப முடியாது என்று கேள்விப்பட்டதும் மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. யார் கடைசியில் சிரித்தார்கள் என்பது வேறு விஷயம்.

சங்கரன்கோவில்காரர்:

கம்பெனியே இல்லாத சீனா போனை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நாலு ஸ்பீக்கர், இரண்டு சிம், இழுத்தால் ரேடியோ மாதிரி நீளுகிற ஆன்டெனா, அதில் தூர்தர்ஷன். என் போனில் பாட்டுப் போட்டால் தெருமுனை டீக்கடையில் டம்ளர் அதிரும். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய ஐஎம்இஐ எண்ணைப் பார்த்தால் வரிசையாகப் பூஜ்ஜியம். 2009 நவம்பர் 30-க்குப் பிறகு அப்படிப்பட்ட போன்களுக்கு லைன் கிடையாது என்று நிறுத்தினார்கள். அதற்கப்புறமும் மூன்று வருடம் எங்கள் தறிக்கூடத்தில் பாடிக்கொண்டுதான் இருந்தது.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

அசைவு அசைவு என்கிறீர்களே, அசைகிற இடம்தான் முதலில் போகும். கதவுக்குக் கீல் மாதிரி. நான் வைத்திருந்தது ஒரு ஸ்லைடர், கம்பெனி பெயர் வேண்டாம். மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்க உள்ளே ஒரு ரிப்பன் வயர் ஓடும். ஒவ்வொரு முறை சறுக்கும்போதும் அது மடிந்து நிமிரும். சும்மா இருக்கிற நேரமெல்லாம் தள்ளித் தள்ளி விளையாடினால் என்ன ஆகும்? ஒரு வருடத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. சரியாகப் பாதி திறந்து பிடித்தால் மட்டும் படம் வரும். அந்தப் பதத்திலேயே பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசினேன். பார்த்தவர்கள் கையில் சுளுக்கு என்று நினைத்தார்கள். ரிப்பன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வர வேண்டும் என்றார் சர்வீஸ் கடை அண்ணாச்சி. வந்தது, மாட்டினார், ஆறு மாதத்தில் மறுபடி வெள்ளை. அதற்குப் பிறகு டார்ச் வைத்த நோக்கியா 1100-க்குப் போனவன்தான். ஸ்டைல் இல்லை, தூக்கம் இருந்தது.

பாளையங்கோட்டைக்காரர்:

அம்பைக்காரர் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் லென்ஸ் மூடிக்குள் ரிப்பன் ஓடவில்லையே, அதனால் என் கட்சிக்கு இன்னும் டெபாசிட் போகவில்லை.

நேற்று என்73-க்கு பேட்டரி தேடி ஜங்ஷன் பக்கம் ஒரு சுற்று சுற்றினேன். வேண்டியது பிபி-6எம். பழையதைத் தட்டையான மேஜையில் வைத்துச் சுண்டினால் பம்பரமாகச் சுற்றுகிறது, அவ்வளவு ஊதியிருக்கிறது. ஒரு கடையில் வேறு நோக்கியாக்களுக்குப் போடுகிற பிஎல்-5சி பேட்டரி தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. “இது இப்ப எஃப்எம் பெட்டிக்குத்தான் தம்பி போவுது, நீ கேக்கதெல்லாம் வராது” என்றார். யாரிடமாவது ஊதாத பிபி-6எம் கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். களக்காடானாலும் சரி.