தேயிலைத் தோட்டம் எந்தப் பொருளாதார முறைக்குள் வரும்?

கொட்டகலை வகுப்பு:
வணக்கம். உயர்தரப் பொருளியலின் முதல் அலகைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருசமும் இதே இடத்தில்தான் சிக்குகிறது. சந்தை, திட்டமிட்டது, கலப்பு என்று மூன்று முறைகள் இருக்கின்றன, இலங்கை கலப்புப் பொருளாதாரம் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. காணி அரசாங்கத்தினுடையது, நடத்துவது கம்பனி, சம்பளம் வர்த்தமானியில் வருகிறது, தேயிலைக்கு விலை கொழும்பு ஏலத்தில். "அப்ப எங்க தோட்டம் எது சேர்?" என்கிறார்கள்.

எனக்கு இரண்டு விசயம் வேண்டும். தோட்டத்தின் உரிமை இப்போது சரியாக யாரிடம் இருக்கிறது? அரசு விலையில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை, பாடநூல் வரைபடம் இல்லாமல் மலையகத்து எண்களை வைத்து எப்படிக் காட்டுவது?

பழைய செக்ரோல்:
உரிமையைச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது, வயலுக்கு 25 ஏக்கர். கம்பனித் தோட்டங்கள் அதில் தப்பின. 1975இல் வந்த திருத்தம் அவற்றையும் எடுத்தது. அதற்குப் பிறகு அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும்தான் பெரும்பாலான தோட்டங்களை நடத்தின. எந்த மலையில் மறுநடுகை, எவ்வளவு உரம், எத்தனை பேருக்கு வேலை என்பதெல்லாம் மேலிருந்து வந்த காலம் அது. திட்டமிட்ட பொருளாதாரத்துக்கு உதாரணம் தேடி சோவியத் வரை போகத் தேவையில்லை.

1992இல் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. பங்குகள் விற்கப்பட்டது 1995இலிருந்து. விற்றது காணியை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். கம்பனிகளிடம் இருப்பது 53 வருடக் குத்தகை மட்டுமே, பெரும்பாலானவற்றுக்கு அது 2045 ஜூனில் முடிகிறது. குத்தகைப் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்திச் சுருக்கியின்படி (நாட்டின் பொது விலைமட்டம் எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்) வருடா வருடம் மாறும். சுருக்கியை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டலாம். இதற்கு மேல் ஒவ்வொரு கம்பனியிலும் திறைசேரிச் செயலாளரின் பெயரில் ஒரு தங்கப் பங்கு இருக்கிறது. ஒரே ஒரு பங்குதான், ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் காணியை உள்குத்தகைக்கு விடுவதற்குச் சம்மதம் கொடுக்கவும் அரசுக்கு அது இடம் வைத்திருக்கிறது.

அதனால் "எந்த முறை" என்று கேட்பதை விட, எந்த எண்ணை யார் பிடித்திருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். காணியும் அடிப்படைச் சம்பளமும் அரசின் கையில். உற்பத்தித் தீர்மானம் கம்பனியின் கையில். விலை ஏலத்தின் கையில். ஒரு முனையை இறுக்கிக் கட்டினால் கட்டாத முனை நகரும். எந்த முனை நகர்ந்தது என்று பிள்ளை சொல்லிவிட்டால் பாடம் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

கொழுந்துத் தராசு:
இரண்டாவது கேள்விக்கு சிறு தோட்டக்காரர்களின் கொழுந்து விலையை எடுங்கள். கரும்பலகையில் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டலாம்.

1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், கொழுந்து வாங்கும் தொழிற்சாலை தன் இஷ்டத்துக்கு விலை போட முடியாது. சூத்திரம் ஒன்று இருக்கிறது. கொழும்பு ஏலத்தில் அந்த உயர வலயத்துத் (தோட்டம் இருக்கும் உயரத்தை வைத்துப் பிரித்த வலயம்) தேயிலைக்குக் கிடைத்த மாதச் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. 100 கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தூள் வரும் என்று வைத்துக்கொள்வார்கள். அந்தத் தொழிற்சாலையின் தேயிலை சராசரியை விட அதிகத்துக்கு விற்றிருந்தால் மேலதிகத்தில் பாதிக்குப் பாதி.

உதாரணத்துக்கு வலயச் சராசரி 1,200 ரூபா, தொழிற்சாலைக்குக் கிடைத்தது 1,300 ரூபா என்று வையுங்கள்.

1,200இல் 68 வீதம் 816. மேலதிகம் 100இல் பாதி 50. கூட்டினால் 866. அதை 0.215ஆல் பெருக்கினால் கிலோ கொழுந்துக்கு 186 ரூபா 19 சதம். நல்ல தொழிற்சாலைக்குக் கொடுத்ததால் கிடைத்த மேலதிகம் அதில் 10 ரூபா 75 சதம்.

விலை இறுகிவிட்டது. இனி நகரக்கூடியது நிறை. மழை நாளில் கொழுந்து ஈரமாக வரும், தண்ணிக்கு என்று 10 வீதம் வெட்டுவார்கள். 20 கிலோ நிறுத்தவருக்கு 18 கிலோவுக்குத்தான் காசு. கிலோவுக்கு 18 ரூபா 62 சதம் போய்விட்டது, மேலதிகமாகக் கிடைத்த 10.75ஐ விடப் பெரிய தொகை. சாக்குப் பாரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று தனித்தனியாக வெட்டினால் இன்னும் போகும். பற்றுச்சீட்டில் கிலோவுக்கான விலை சரியாகவே இருக்கும். நிறையில்தான் குறை.

தொழிற்சாலையின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஈரக் கொழுந்தில் 21.5 வராது. 19 வந்தாலும் சூத்திரம் 21.5க்குத்தான் காசு கொடுக்கச் சொல்கிறது. அந்த இடைவெளியைத்தான் தராசில் பிடிக்கிறார்கள். எங்கே பிழை வருகிறது என்றால், வெட்டும் வீதத்தை ஒரே பக்கம் தீர்மானிக்கும்போது. கொழுந்து கொடுப்பவர் வெட்டுக்கு முன் உள்ள நிறையையும் பின் உள்ள நிறையையும் தனித்தனியாகத் துண்டில் எழுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் தேயிலை ஆணையாளர் பிரிவுக்கு முறையிட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

கொட்டகலை வகுப்பு:
மிக்க நன்றி, இதை அப்படியே வகுப்புக்கு எடுக்கலாம். இன்னொன்று. நாள் சம்பளம் ஒரு இழிவு விலை, அதாவது இதற்குக் கீழே போகக் கூடாது என்று அரசு வைக்கும் விலை. இழிவு விலையைச் சமநிலைக்கு மேல் வைத்தால் உழைப்பு மிகையாகும், வேலையில்லாமல் போகும் என்கிறது வரைபடம். இங்கே தலைகீழாக அல்லவா இருக்கிறது? தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை, மலை காடாகிக் கிடக்கிறது. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பிரட்டுக்களம்:
நல்ல கேள்வி சேர். சந்தையில் வாங்குபவர்களும் விற்பவர்களும் ஏராளம் என்று வைத்துக் கீறிய வரைபடம் அது. தோட்டத்தில் உழைப்பை வாங்குபவர் ஒருவர்தான். வீடும் அவருடைய எல்லைக்குள். பொருளியலில் இதற்குத் தனிக் கொள்வனவாளர் என்று பெயர். அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் சமநிலைக்குக் கீழே கிடக்கும், ஆட்கள் மெல்ல மெல்ல வெளியேறுவார்கள், முதலாளிக்கும் ஆள் பற்றாது. அங்கே இழிவுச் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் வேலைக்கு வருவோர் கூடவும் இடமுண்டு. கொழும்புக் கடையும் ஆடைத் தொழிற்சாலையும் வெளிநாட்டு வீட்டுவேலையும் இன்று தோட்டத்தோடு போட்டி போடுகின்றன. பழைய பிடி இளகிவிட்டது, சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை.

கணக்கைப் பார்ப்போம். முன்பு கூட்டு ஒப்பந்தம் பேசித் தீர்மானித்தார்கள், 2019இல் அடிப்படை 700 ரூபா ஆனது கடைசியாக அப்படித்தான். 2021இல் சம்பள நிர்ணய சபை 900ஐயும் 100 ரூபா படியையும் சேர்த்து 1,000 என்று வர்த்தமானியில் போட்டது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. இதைக் கூலி கூடியது என்று மட்டும் வாசிக்கக் கூடாது. ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளம் பதிவாவதற்கு, எத்தனை கிலோ என்பதையும் அந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பேசும் மேசையே இல்லாமல் போனது.

2024 செப்டெம்பரில் சபை நிர்ணயித்த 1,350ஐ எடுங்கள். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். செலவு 1,552 ரூபா 50 சதம். தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்தால் கைக்கு 1,242.

நாளொன்றுக்கு 18 கிலோ என்றால் தூள் 3.87 கிலோ. ஒரு கிலோ தூளுக்குப் பறிகூலி மட்டும் 401 ரூபா. 20 கிலோவாக்கினால் தூள் 4.3 கிலோ, பறிகூலி 361 ரூபா. கிலோவுக்கு 40 ரூபா மிச்சம், வர்த்தமானியில் ஒரு எழுத்தும் மாறாமல். 20 கிலோ எடுக்க முடியாத வறட்சி மாதத்தில் அரைப்பேர் விழும். அரைப்பேருக்கு 1,350இல் பாதிதான்.

அடுத்து நகர்வது நாட்கள். 25 நாள் வேலை கொடுத்தால் 31,050 ரூபா. 18 நாள் என்றால் 22,356. நாள் சம்பளம் இரண்டிலும் ஒன்றே.

மூன்றாவது, மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் வெளியார் உற்பத்தி முறை. தொழிலாளி இங்கே வழங்குநர் ஆகிறார். கையில் வரும் காசு கூடலாம், நல்ல மலை கிடைத்தவர்களுக்குக் கூடியும் இருக்கிறது. ஆனால் கையெழுத்து வைக்கும் முன் மூன்றைக் கேட்க வேண்டும். உரமும் மருந்தும் யாருடைய கணக்கு? கவாத்து வெட்டிய பிறகு கொழுந்து இல்லாத மாதங்களுக்கு வருமானம் என்ன? சேமலாப நிதி தொடருமா? கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதிலை ஏற்கக் கூடாது, எழுத்தில் வேண்டும்.

2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ஆக்கவும், அதற்கு மேல் நாளுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அரசே கொடுக்கவும் முன்மொழிந்தது. வகுப்புக்கு இது நல்ல உதாரணம். 1,550 விலைக் கட்டுப்பாடு, 200 மானியம். முன்னதைக் கம்பனி சுமக்கிறது, பின்னதை வரி கட்டும் எல்லோரும் சுமக்கிறார்கள். வரவுக்குக் கொடுப்பதால் பேர் விழுந்த நாளுக்குத்தான் கிடைக்கும். அதனால் பேர் குறைக்கும் தோட்டத்தில் இந்த 200உம் குறையும்.

வெலிமடை வயல்:
தேயிலையை மட்டும் பேசுகிறீர்கள், கிழங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்குமதிக் கிழங்குக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசேட வியாபாரப் பண்ட வரி இருக்கிறது. வீதமாக இல்லாமல் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று நிதியமைச்சர் வர்த்தமானியில் போடுவார்.

இறக்குமதிக் கிழங்கு கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைக்கு வந்து சேரும் அடக்கவிலை வரியில்லாமல் கிலோவுக்கு 120, வெலிமடையில் விவசாயியின் அடக்கம் 200 என்று வைத்தால் 80 ரூபா வரி இடைவெளியை மூடும். டொலர் 10 வீதம் ஏறினால் 120 தானாக 132 ஆகிவிடும், அப்போது 68 போதும். இறங்கினால் 80 போதாது. கிலோ வரி தானாக நகராது, யாராவது நகர்த்த வேண்டும்.

பிழை வருவது பெரும்பாலும் திகதியில். கிழங்கு மூன்று, நான்கு மாதப் பயிர். செலவில் பெரும் பங்கு விதைக்கிழங்குக்கு, அது முதல் நாளே போய்விடும். விதைக்கும்போது வரி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் விதைத்துவிட்டு, அறுவடை நேரத்தில் வரி ஏறினால் அதற்குள் இறக்குமதியாளரின் களஞ்சியம் பழைய வரியில் நிறைந்திருக்கும். ஏறிய வரியின் விலை விவசாயி விற்று முடித்த பிறகுதான் சந்தைக்கு வரும். அந்த நேரம் கிழங்கு வாங்கிச் சமைக்கும் லயத்துக் குடும்பம் கூடக் கொடுக்கும். வரியைக் கூட்டு, குறை என்று சண்டை பிடிப்பதை விட, விதைக்கும் முன்னரே அந்தப் போகத்துக்கான வரியை அறிவித்துவிட்டு மாற்றாமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

உச்ச விலையும் இதே கதைதான். 2021 செப்டெம்பரில் அரிசிக்கும் ஒக்டோபரில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயுவுக்கும் கட்டுப்பாட்டு விலையை அரசே நீக்க வேண்டி வந்தது. அந்த விலைக்குக் கொண்டுவந்து விற்க ஆள் இல்லை. கடையில் விலைப் பலகை இருந்தது, பால்மா இல்லை.

உண்டியல் வீதம்:
நாணயத்தையும் இதில் சேர்க்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் வரை டொலரை ஏறத்தாழ 200 ரூபாவில் பிடித்து வைத்தார்கள். அதுவும் ஓர் உச்ச விலை. நகர்ந்த முனை எது? மத்திய கிழக்கில் வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்கு அனுப்பும் காசு வங்கியை விட்டு உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் வழிக்கு, போனது, அங்கே கூடக் கிடைத்தது. வங்கிக்கு டொலர் வரவில்லை. மார்ச்சில் பிடி விட்டது, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தம், செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்த பின், அரசு கடன் வாங்க வெளியிடும் திறைசேரி உண்டியல்களையும் முறிகளையும் மத்திய வங்கி முதலாந்தரச் சந்தையில், அதாவது அரசிடமிருந்தே நேரடியாக, வாங்க முடியாது. பணவீக்க இலக்கு 5 வீதம்.

அளவில் கைவைத்ததற்கு உதாரணம் வேண்டுமென்றால் 2021 மே இரசாயன உரத் தடை. சில மாதத்திலேயே விலக்கினார்கள், ஆனால் தேயிலைச் செடி உடனே திரும்பாது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. விலையில் விட்ட பிழையை அடுத்த வர்த்தமானியில் திருத்தலாம், உரம் போடாத மலைக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

கொட்டகலை வகுப்பு:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்புக்கு இப்படிக் கொடுக்கப் போகிறேன்: நாள் சம்பளம் 1,550, நாளுக்கு 18 கிலோ. கிலோ தூளுக்குப் பறிகூலி எவ்வளவு? நாள் அளவை 20 கிலோவாக்கினால் அது எவ்வளவாகக் குறையும்? எனக்கு 460 ரூபா 59 சதமும் 414 ரூபா 53 சதமும் வருகிறது. சரியா?

பிரட்டுக்களம்:
சரி சேர். 15 வீதத்தைச் சேர்த்து 1,782.50ஐத்தான் பிரித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் பலர் 1,550ஐயே பிரிப்பார்கள், விடை 400.52 என்று வந்தால் பிழை அங்கேதான். அரசு கொடுக்கும் 200ஐ இதில் கூட்டக் கூடாது, அது கம்பனியின் செலவு அல்ல. கூட்டிவிட்டு வரும் பிள்ளைக்கு விலைக் கட்டுப்பாட்டையும் மானியத்தையும் இன்னொரு முறை சொல்லிக் கொடுங்கள்.