உதவி: வோல்ற்றளவை மாற்றினாலும் இலத்திரனின் அலைநீளம் மாறவில்லை

களுவாஞ்சிகுடி மாணவி:
54 வோல்ற்றினால் ஆர்முடுக்கப்பட்ட இலத்திரனின் அலைநீளத்தைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு 2.43 × 10⁻¹² மீற்றர் வருகிறது. விடைத்தாளில் 1.67 × 10⁻¹⁰. அடுத்த பகுதி 100 வோல்ற்று. அதற்கும் அதே 2.43! மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மட்டக்களப்பில் மாதிரிப் பரீட்சை. யாராவது உதவுங்கள்.

அக்கரைப்பற்று அண்ணா:
இலத்திரன்வோல்ற்றை யூலுக்கு மாற்ற மறந்திருப்பீர்கள் தங்கச்சி. 1.602 × 10⁻¹⁹ ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மாணவி:
மாற்றினேன் அண்ணா. ஆனால் அதைப் பிறகு எங்கும் பிரதியிடவில்லை. பிளாங்கின் மாறிலியைத் திணிவாலும் ஒளியின் வேகத்தாலும் வகுத்தேன்.

கல்லடி ஆசிரியர்:
பிழை அங்கேதான் இருக்கிறது மகள். யூல் மாற்றம் தவறியிருந்தால் விடை 10⁻²⁰ அளவில் வந்திருக்கும். நீங்கள் கண்டது கொம்ப்டன் அலைநீளம். அதில் இலத்திரனின் வேகமே இல்லை, திணிவு மட்டும்தான். வோல்ற்றளவு எப்படி அதை மாற்றும்?

கேள்வி கேட்பது டி புரோக்லி அலைநீளத்தை, அதாவது ஓடும் துகளுக்குரிய அலைநீளத்தை. அதற்குப் பிளாங்கின் மாறிலியை உந்தத்தால் வகுக்க வேண்டும். திணிவையும் இயக்கசக்தியையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள், உந்தம் கிடைக்கும்.

மாணவி:
நன்றி சேர். அப்படியானால் இலத்திரன் ஒளியின் வேகத்தில் போகாதபோது, கொம்ப்டன் அலைநீளத்தில் அந்த வேகம் ஏன் வருகிறது?

ஆசிரியர்:
நல்ல கேள்வி. அது இலத்திரன் ஓடும் வேகம் அல்ல. ஓய்விலுள்ள இலத்திரனின் திணிவுக்குச் சமமான சக்தி 511 கிலோ இலத்திரன்வோல்ற்று. அதே சக்தி கொண்ட போட்டோனின் அலைநீளம்தான் 2.43 × 10⁻¹² மீற்றர். 1923இல் கொம்ப்டன், 0.071 நனோமீற்றர் எக்ஸ் கதிர் காபனில் சிதறியபோது அலைநீளம் கூடுவதைக் காட்டினார். 90 பாகையில் சிதறினால் கூடும் அளவு இதே எண். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது லட்சத்தில் அரைப்பங்கு, யாருக்கும் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது!

மாணவி:
வந்துவிட்டது சேர். வேகம் செக்கனுக்கு 4.36 × 10⁶ மீற்றர், அலைநீளம் 1.67 × 10⁻¹⁰. 100 வோல்ற்றுக்கு 1.23 × 10⁻¹⁰. ஒளியின் வேகம் இந்த முதல் வேகத்தைப் போல் 69 மடங்கு. என் பழைய விடையை 69 ஆல் பெருக்கினாலும் 1.67 வருகிறது! புரோத்தனின் கொம்ப்டன் அலைநீளம் 1.32 × 10⁻¹⁵, சரியா?

ஆசிரியர்:
சரி. திணிவு 1836 மடங்கு கூட. அலைநீளம் அத்தனை மடங்கு குறைவு.