மக்காச்சோளம் மட்டுமே விளையும் நிலம்: கூடவே என்ன போடலாம்?

வரப்போரம்:
மானாவாரி, குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர். எல்லாரும் மக்காச்சோளம்தான். வயிறு நிறைகிறது, ஆனால் பெண்களுக்கு ரத்தசோகை, சில குழந்தைகளுக்கு மாலைக்கண். பதினைந்து வகைக் காய்கறி விதை கொடுத்துப் பார்த்தார்கள், கோடையில் எல்லாம் காய்ந்துவிட்டது. தானியம் குறையாமல் வேறு வழி உண்டா?

விதைக்கலயம்:
பதினைந்து வேண்டாங்க, இரண்டு மூன்று போதும். முதலில் பெண்களிடம் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். 15–49 வயதுப் பெண்களுக்கு உணவை 10 வகையாகப் பிரித்து, ஒரு நாளில் 5 வகையாவது சேர்ந்ததா என்று பார்க்கும் அளவுகோல் இருக்கிறது. எந்த வகை, எந்த மாதத்தில் விடுபடுகிறது என்று தெரிந்த பிறகு விதை எடுங்கள்.

ஊடுபயிருக்குத் தட்டைப்பயறு நல்லது. மக்காச்சோளம் முளைத்து 2–3 வாரம் கழித்து ஊன்றுங்கள். சேர்த்தே விதைத்தால் கொடி தண்டில் ஏறிச் சாய்த்துவிடும். பயறு வரிசையில் யூரியா போடாதீர்கள். இலை கொழுக்கும், காய் பிடிக்காது. இளம் இலையைக் கீரையாகக் கிள்ளலாம், பூ வந்ததும் நிறுத்திவிடுங்கள். பயறை நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வண்டு மூச்சுமுட்டிச் சாகும்.

கொடிப்பந்தல்:
மாலைக்கண் வந்துவிட்ட குழந்தையைப் பயிர் விளையும்வரை காக்கவைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டி வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும்.

இனி வராமல் தடுக்க ஆரஞ்சுச் சதை சர்க்கரைவள்ளி. வேகவைத்தது 125 கிராம் இருந்தாலே சிறு குழந்தையின் ஒருநாள் வைட்டமின் ஏ தேவைக்குப் போதும். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் சத்து உடம்பில் ஒட்டும். 25–30 செ.மீ. நுனிக்கொடியை, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக, 30 செ.மீ. இடைவெளியில் பாரில் (மேடாக்கிய மண்வரிசையில்) நடுங்கள். மண் வெடித்தால் கூன்வண்டு அந்த வழியாகக் கிழங்குக்கு இறங்கும், அதனால் மண் அணைப்பதை விடக்கூடாது.

பலரும் தோற்பது கோடையில்தான்: அடுத்த நடவுக்குக் கொடி மிஞ்சாது. குளியல் நீர் பாயும் இடத்தில் சின்ன நாற்றங்கால் வையுங்கள். இலை சுருங்கி வெளுத்த கொடியைப் பிடுங்கி எறியுங்கள், அது வைரஸ்.

வரப்போரம்:
ரத்தசோகைக்குப் பயறு மட்டும் போதுமா?

விதைக்கலயம்:
போதாது. பயறில் உள்ள இரும்பு குறைவாகவே உடம்பில் சேரும். கூடவே கொய்யா, எலுமிச்சை, தக்காளி ஏதாவது வேண்டும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கொக்கிப்புழு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது குடலில் ரத்தம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் வயலில் என்ன விளைவித்தாலும் ரத்தம் ஏறாது. குடற்புழு மருந்து, காலில் செருப்பு, கழிப்பறை மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.