மலையேற்றமும் மாத்திரையும்: முன்னாள் படைவீரர் வீடுகளிலிருந்து

கன்னங்குறிச்சி, ஓய்வுபெற்ற நாயக்:

பட்டாளத்தில் ஓடியதெல்லாம் பாஸ் ஆவதற்காக. பி.பி.இ.டி. என்ற உடல்திறன் தேர்வில் 5 கிலோமீட்டரை நேரத்துக்குள் முடிக்காவிட்டால் ஹவில்தார் மேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால், போர்க்கால அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர், "பேசிக்கிட்டே போற வேகத்துல நடங்க, தினமும் நடங்க" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்துவிட்டு வந்தவன். கல்குவாரியில் வெடி வைத்தால் இங்கே உடம்பு தானாகத் தரையில் படுக்கப் பார்க்கும். ஆடி மாதம் வீட்டில் எல்லோரும் குகை மாரியம்மன் கோயில் ஊர்வலமான வண்டி வேடிக்கைக்குக் கிளம்புவார்கள். நான் கதவைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கிடப்பேன்.

மருந்தும் கவுன்சிலிங்கும் நடக்கும்போதே ஏற்காடு மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தேன். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். துணைக்கு ஒரு சுபேதார் சாப். ஒரு வளைவில், பின்னால் வந்த பஸ் காதருகே ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், கால் நின்றுவிட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கையெல்லாம் வியர்வை. சாப் என்னைத் தொடவில்லை. தடுப்புச் சுவர் பக்கம் தள்ளி நின்றுகொண்டு, "வீட்ல இன்னைக்கு என்ன டிபன்?" என்றார். உப்புமா என்றேன். "ரவையா, சேமியாவா?" பதில் சொல்லிக்கொண்டே நாலடி வைத்தேன். "நெஞ்சு அடிக்குதா? மேடு ஏறுனா எல்லாருக்கும் அடிக்கும்."

மருத்துவரும் இதையேதான் விளக்கினார். பயத்தில் வரும் படபடப்பும் மூச்சிரைப்பும் மேடு ஏறும்போதும் வரும். ஆபத்தில்லாத இடத்தில் அது திரும்பத் திரும்ப வந்து அடங்கினால், நெஞ்சு அடித்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்ற நினைப்பு தளருமாம். எனக்குத் தளர்ந்திருக்கிறது. குவாரி வெடிக்கு இன்னமும் திடுக்கிடுவேன், ஆனால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுவதில்லை. வண்டி வேடிக்கைக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

அஸ்தம்பட்டி, படைவீரரின் மனைவி:

எங்க வீட்டுக்காரருக்கு மலை வேண்டாம், மூக்கனேரிக் கரைதான். விடியற்காலையில் சைக்கிளை எடுத்தால் வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவார். முன்பெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார், இப்போது அது குறைந்திருக்கிறது. என் வருத்தம் சொந்தக்காரர்கள்மேல். "அதான் நல்லா சைக்கிள் ஓட்டுறாரே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று ஓதி, செர்ட்ராலினைத் திடீரென்று நிறுத்த வைத்துவிட்டார்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமில்லை. மருத்துவர் திட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அறிவுரை சொன்னவர்கள் அந்த வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சேலம், பிசியோதெரபிஸ்ட்:

அந்த மருத்துவர் திட்டியது சரிதான். போர்க்கால அதிர்ச்சிக்கு முதல் சிகிச்சை, நடந்ததை நேருக்கு நேர் எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சையும் செர்ட்ராலின் போன்ற மருந்துகளும்தான். ஓட்டமும் நடையும் அதற்குத் துணை.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர் சேலம் வெயிலில் வியர்த்துக் கொட்டினால் ரத்தத்தில் அதன் அளவு கூடிவிடலாம். கெட்ட கனவுக்குப் பிரசோசின் எடுப்பவருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். படபடப்புக்குத் தரும் புரோப்ரனோலால் நாடித்துடிப்பை அடக்கி வைக்கும் என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், பேச முடிகிறதா என்று பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதோடு நிறுத்திக்கொண்டு பஸ்ஸில் இறங்குங்கள். இறக்கத்தில்தான் முட்டி அடி வாங்கும். மனசு ரொம்பத் தாங்காத ராத்திரியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

கன்னங்குறிச்சி, ஓய்வுபெற்ற நாயக்:

நான் பஸ்ஸில்தான் இறங்குகிறேன். சாப்தான் கேட்க மாட்டார். "என் முட்டி பென்ஷன் வாங்குற முட்டி, அதுக்கு வேலை கொடுக்கணும்" என்று இறங்கியும் நடக்கிறார். நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.