உதவி தேவை: ஜிம் ரீவ்ஸ் பாட்டு, சிடியில் வேறு மாதிரி (அவசரம்)

ஜெரி_கொட்டாஞ்சேனை
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவிடம் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதே பாட்டு உள்ள சிடி ஒன்றை வாங்கிப் போட்டுக் காட்டினேன். முதல் வரியிலேயே "இது அந்தப் பாட்டு இல்லை" என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் வேறு மாதிரித்தான் கேட்கிறது. அந்தத் தட்டில் இருப்பது எந்த சிடியில் வந்திருக்கிறது? வருகிற ஞாயிறு அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாள், அன்றைக்குப் போட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கடலோரம்
எந்தப் பாட்டு?

தெமட்டகொடை தம்பி
எந்த சிடி? எந்தத் தட்டு? 45 சுற்றுச் சின்னத் தட்டா, எல்பி என்கிற பெரிய தட்டா?

ஊசிமுனை
பாட்டின் பெயர் இல்லை, லேபிள் இல்லை, எண் இல்லை. "வேறு மாதிரி" என்றால் எப்படி வேறு மாதிரி? இங்கே கேள்வி கேட்பது எப்படி என்று முன்பே ஒரு பதிவு போட்டிருக்கிறேன். அதை வாசித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

பழைய ரேடியோ
ஜிம் ரீவ்ஸ் என்றாலே நாங்கள் ரேடியோ சிலோன் காலத்துக்குப் போய்விடுவோம். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் நாலு வீட்டில் ஒரு வீட்டிலாவது அவர் குரல் கேட்கும். அப்பாவுக்கு என் வாழ்த்து. பாட்டின் பெயரை மட்டும் சொல்லுங்கள் தம்பி.

ஜெரி_கொட்டாஞ்சேனை
'ஆம் ஐ லூசிங் யூ'. சின்னத் தட்டு. சிடி, அவருடைய பிரபலமான பாட்டுகள் எல்லாம் சேர்த்துப் போட்ட ஒன்று. தட்டில் குரல் இன்னும் கனமாக, மெதுவாக வருகிறது. வாத்தியங்களும் ஒரே மாதிரி இல்லை.

கடலோரம்
கல்யாண நாளுக்கு 'உன்னை இழக்கிறேனா' பாட்டா! அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?

பழைய ரேடியோ
அந்தக் காலத்தில் நாங்கள் வரியைப் பார்த்தா ஆடினோம், மெட்டைப் பார்த்து ஆடினோம்.

சங்கர்_வத்தளை
எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. ஜிம் ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று விமான விபத்தில் இறந்தார், விமானத்தை ஓட்டியதும் அவரே. அதற்குப் பிறகு அவர் தட்டுகளை வெளியிட்ட ஆர்சிஏ கம்பனி அவர் குரலை எடுத்து வைத்துக்கொண்டு பின்னணியைப் புதிதாகச் சேர்த்து வருடக்கணக்காகப் பாட்டு வெளியிட்டது. 'டிஸ்டன்ட் ட்ரம்ஸ்' அப்படித்தான். வெறும் மாதிரிப் பதிவுக்கு இசைக்குழுவைச் சேர்த்து 1966இல் வெளியிட்டார்கள், இங்கிலாந்தில் முதலிடத்துக்கே போனது. 1979இல் டெபொரா அலன் என்ற பாடகியின் குரலை ஒட்டி ஜோடிப் பாட்டாகவும் ஆக்கினார்கள். உங்கள் சிடியில் இருப்பதும் அப்படிப் பின்னணி மாற்றிய ஒன்றுதான். சந்தேகமே வேண்டாம்.

ஊசிமுனை
சந்தேகம் வேண்டும். இந்தப் பாட்டு அவர் உயிரோடு இருக்கும்போதே வந்து ஓடிய பாட்டு. எதற்கெடுத்தாலும் 'இறந்த பின் சேர்த்தது' என்பது உங்கள் வழக்கம்.

சங்கர்_வத்தளை
உயிரோடு இருக்கும்போது வந்த பாட்டுக்குப் பிறகு பின்னணி மாற்றவே மாட்டார்களா? சிடியில் பெண் குரல் கேட்கிறதா என்று ஜெரி சொல்லட்டும்.

தெமட்டகொடை தம்பி
எனக்கென்னவோ வேகம்தான் பிரச்சினை என்று படுகிறது. குரல் கனம், மெதுவு என்று அவரே சொல்கிறாரே. ஜெரி அண்ணா, டர்ன்டேபிள் எங்கே வாங்கியது?

ஜெரி_கொட்டாஞ்சேனை
ஜோடியாக யாரும் பாடவில்லை, அவர் மட்டும்தான். டர்ன்டேபிள் எங்களுடைய பழையது பழுதாகி, கனடாவிலிருந்து பெரிய அண்ணா ஒன்று கொண்டுவந்து தந்தார். அங்கே பாவித்த பழைய மொடல். ட்ரான்ஸ்போமர் போட்டுத்தான் ஓடுகிறது, பிரச்சினை இல்லை.

தெமட்டகொடை தம்பி
பிடித்துவிட்டேன். ட்ரான்ஸ்போமர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை மாறி மாறி வருகிறது என்பதை, மாற்றாது. கனடாவில் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பழைய டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் மின்சாரத்தின் ஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும் மோட்டார்தான் இருக்கும். அது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 45 சுற்று வேண்டிய தட்டு 37 சுற்றரைதான் சுற்றும். சுருதி கிட்டத்தட்ட மூன்று சுரஸ்தானம் இறங்கிவிடும். ஜிம் ரீவ்ஸுக்கு ஏற்கெனவே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல், அதையும் இறக்கினால் கேட்கவா வேண்டும்?

சோதிப்பது சுலபம். தட்டின் விளிம்பில் சின்னக் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புது மொடல்களில் டிசி மோட்டார் இருக்கும், அவற்றில் இந்தச் சிக்கல் வராது.

கடலோரம்
அப்பாவுக்கு அந்தப் பாட்டு பழைய டர்ன்டேபிளில் கேட்டுப் பழக்கம் அல்லவா? சிடியில் உள்ளது சரியான வேகத்தில் வந்தால் அதைத்தானே அவர் 'இதுதான்' என்று சொல்லியிருக்க வேண்டும்? அவரும் இல்லை என்கிறாரே. வாத்தியம் வேறு என்று ஜெரியும் சொல்கிறார். வேகம் குறைந்தால் கிட்டார் பியானோ ஆகிவிடுமா?

ஊசிமுனை
ஒருவராவது யோசிக்கிறார். கடலோரம் சொல்வது சரி.

இந்தப் பாட்டு ஜிம் ரீவ்ஸ் தாமே எழுதியது. அதை அவர் இரண்டு முறை பதிந்திருக்கிறார். முதலில் 1956இல், மறுபடி 1960இல். நடுவில் அவர் பாடும் விதமே மாறிவிட்டது. 1957இல் 'ஃபோர் வோல்ஸ்' வந்தபோதுதான் மைக்கை ஒட்டி நின்று தணிந்த குரலில் பாடுகிற அந்தப் பாணி நிலைத்தது. பிறகு செட் அட்கின்ஸ் தயாரிப்பில் 'ஹீல் ஹேவ் டு கோ', 1960இல் அது பெரிய வெற்றி. அதே 1960இல் இந்தப் பாட்டின் இரண்டாம் பதிவும் வந்தது. சிறந்த பாடல் தொகுப்புகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் போடுவார்கள். பெயர் ஒன்று, ஆள் ஒன்று, அட்டையிலும் வித்தியாசம் தெரியாது. வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான் ஏமாற வேண்டும்.

இனி நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தட்டின் மறுபக்கம் என்ன பாட்டு? 'வெய்ட்டின் ஃபோர் எ ட்ரெயின்' என்றால் முதல் பதிவு. 'ஐ மிஸ்ட் மீ' என்றால் இரண்டாவது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவையில்லை.

சங்கர்_வத்தளை
நீங்கள் முதலிலேயே கேட்டிருந்தாலும் தேவையில்லை.

கடலோரம்
இன்னொரு அடையாளமும் உண்டு. சிடியை ஹெட்போனில் கேளுங்கள். இடது காதில் ஒரு வாத்தியம், வலது காதில் வேறொன்று என்று தெளிவாகப் பிரிந்து கேட்டால் அது 1960 பதிவு. 1956 பதிவு மோனோ, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான். ஆனால் கவனம்: மோனோவை எடுத்துப் போலி ஸ்டீரியோவாக்கி வெளியிடும் பழக்கம் அறுபதுகளில் ஆர்சிஏயிடம் இருந்தது. அதில் சத்தம் இரண்டு பக்கமும் கலங்கிப் பரவியிருக்கும், பிரிந்து நிற்காது.

நிமல்ராஜ்
இவ்வளவுக்கு ஏன் அலைகிறீர்கள்? யூடியூபில் அடித்தால் எல்லாம் வரும்.

ஊசிமுனை
வரும். எது எந்தப் பதிவு என்று போடுகிறவருக்கே தெரியாது.

வெள்ளவத்தை விசு
எனக்கு ஒரு கேள்வி. அமெரிக்காவின் நாஷ்வில் பாட்டுக்கு இத்தனை பேர் மறுபக்கம் பார்க்கிறோம், மோனோ ஸ்டீரியோ பார்க்கிறோம். நம் இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுக்கு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறோமா? நித்தி கனகரத்தினம் முதலில் பதிந்த 'சின்ன மாமியே' எது, பிறகு மேடையிலும் கசட்டிலும் பாடியது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய ரேடியோ
நியாயமான கேள்வி. 'சுராங்கனி'க்கும் அதே கதிதான். இளம் பிள்ளைகளைக் கேட்டால் இளையராஜா பாட்டு என்கிறார்கள்.

நிமல்ராஜ்
படத்தில் வந்ததுதானே? மலேசியா வாசுதேவன் பாடியது.

வெள்ளவத்தை விசு
படம் 1977. ஏ. ஈ. மனோகரன் பாடி இங்கே கல்யாண வீடெல்லாம் ஆடிய பிறகுதான் படத்துக்குப் போனது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நிமல்ராஜ்
படத்தில் வந்ததால்தான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அது இல்லாவிட்டால் கொழும்போடு நின்றிருக்கும்.

வெள்ளவத்தை விசு
கொழும்போடு நின்றால் என்ன குறைந்துவிடும் தம்பி? மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோது அங்கேயும்தான் எல்லோரும் சுராங்கனி சுராங்கனி என்று எழுதினார்கள். படத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

சங்கர்_வத்தளை
மனோகரன் குரலுக்கும் பிறகு புது மியூசிக் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

ஊசிமுனை
ஆரம்பித்துவிட்டார். சுராங்கனிக்குத் தனி இழை தொடங்குங்கள். ஜெரி, மறுபக்கம் என்ன?

கடலோரம்
ஜெரி வரும்வரை, சிடி தேடுவது பற்றி இரண்டு வார்த்தை. முதல் பதிவாக இருந்தால் உறுதியான இடம், ஜெர்மனியின் பெயார் ஃபமிலி கம்பனி 1994இல் போட்ட 'வெல்கம் டு மை வேர்ல்ட்' பெட்டி. மொத்தம் 16 சிடி. ஒரு பாட்டுக்காக அதை வாங்கினால் அம்மா அப்பாவின் அறுபதாவது கல்யாண நாளுக்கும் சேர்த்துச் செலவு முடிந்துவிடும்.

மலிவான வழியும் உண்டு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலம் முன்பு 50 வருடம். பிறகு 70 ஆக்கினார்கள், ஆனால் 1963க்கு முன் வெளிவந்தவை அதற்குள் காலாவதியாகிவிட்டன. அதனால்தான் ஐம்பதுகளின் பாடகர்களுக்கு யார் யாரோ நாலு சிடி, ஐந்து சிடி என்று மலிவுப் பெட்டி போடுகிறார்கள். சிலது தட்டிலிருந்து அப்படியே எடுத்தது, கொரகொரவென்று இருக்கும். பாட்டுக்குப் பக்கத்தில் 1956 அல்லது 1957 என்று ஆண்டு அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆண்டு இல்லாத சிடி வேண்டாம். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொழும்புக்கு வந்து சேராது.

தெமட்டகொடை தம்பி
சிடியை விடுங்கள். தட்டையே கொம்பியூட்டரில் பதிந்து எடுங்கள். தட்டின் சத்தத்தைக் கூட்டித் தருகிற பிரிஅம்ப், கேபிள் இல்லாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேளுங்கள். ஓடாசிட்டி இலவச மென்பொருள். அதில் வேகத்தை 1.2 மடங்காக்குங்கள், சுருதியும் நேரமும் சேர்ந்து சரியாகும். 'சுருதி மட்டும் மாற்று' என்ற இடத்தைத் தொட வேண்டாம். பிறகு சிடியில் உள்ளதையும் பக்கத்தில் போட்டு ஒன்றாக ஓடவிடுங்கள். ஒரே பதிவென்றால் சொல்லுக்குச் சொல் சேர்ந்து போகும். வேறு பதிவென்றால் இரண்டாம் வரி வருவதற்குள் பிசகிவிடும்.

ஊசிமுனை
அதற்கு முன் தட்டைக் கழுவவும். தண்ணீர் லேபிளில் படக்கூடாது. மதுசாரம் கலந்த எதையும் ஊற்ற வேண்டாம், தட்டு ஷெலாக், அதாவது பழைய அரக்குத் தட்டாக இருந்தால் கரைந்துவிடும்.

தெமட்டகொடை தம்பி
45இல் ஷெலாக் எங்கே வந்தது ஐயா?

ஊசிமுனை
பொதுவாகச் சொன்னேன்.

ஜெரி_கொட்டாஞ்சேனை
மறுபக்கம் ட்ரெயின் பாட்டுத்தான். சுற்று 37க்கும் 38க்கும் நடுவில். 1.2 போட்டுப் பதிந்தேன், சிடியோடு சேரவில்லை. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், "ம், இதுதான்" என்றார். சிடி பிறகு பார்க்கலாம். எல்லோருக்கும் நன்றி. மண்டபக்காரரோடு பேச வேண்டும், ஓடுகிறேன்.

தெமட்டகொடை தம்பி
வேகம் என்று முதலிலேயே சொன்னேன்.

ஊசிமுனை
பதிவு வேறு என்று சொன்னது நான். ஜெரி, லேபிளைப் படமெடுத்துப் போடுங்கள், இரண்டு பக்கமும். மையத்துக்குப் பக்கத்தில் வெறுமையான இடத்தில் கீறியிருக்கும் எண்ணும் வேண்டும். எந்த நாட்டு அச்சு என்று பார்க்கலாம்.

கடலோரம்
எம்பி3இல் மட்டும் சேமிக்க வேண்டாம், வேவ் கோப்பாகவும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை
ஜெரி?

நிமல்ராஜ்
விசு அண்ணா, சுராங்கனிக்கு இழை தொடங்கிவிட்டேன். அங்கே வாருங்கள்.